மழைக்கு ஒரு சட்டை

எங்கள் ஊரில் மழைக்கென்று தனி உடை கிடையாது. மழையே ஒழுங்காகக் கிடையாது, அதற்கு உடை வேறு ஒரு கேடா? கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில், கேரள எல்லைக்குச் சற்று உள்ளே எங்கள் தோட்டம். மேற்கே பாலக்காட்டில் ஊற்றிவிட்டு வருகிற மழை எங்கள் எல்லைக்கு வரும்போது களைத்துப் போயிருக்கும். பேருக்கு நாலு தூறல் போட்டுவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விடும். அதிசயமாக வலுத்தால் ஒரு சாக்கின் மூலையை உள்ளே தள்ளி மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வோம். கொங்காடை என்று அதற்குப் பேர். கொஞ்ச நேரத்தில் மழையும் நிற்கும், கொங்காடையும் மறுபடி சாக்காகிவிடும்.

அப்படிப்பட்ட ஊர்க்காரனான எனக்கு எழுபதுகளின் நடுவில் கேரளக் கால்நடைத் துறையில் உதவியாளர் வேலை கிடைத்தது. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதுதான் முக்கியமான வேலை. போட்ட இடம் மூணாறுக்கும் வட்டவடைக்கும் நடுவில், ஒரு தேயிலை எஸ்டேட்டை ஒட்டிய சின்ன மையம். ஆர்டர் வந்ததும் அம்மா முதலில் கேட்டது சம்பளத்தை அல்ல.

"அங்க மழ புடிச்சா மாசக்கணக்குல நிக்காதாமா. நீ என்ன சாமி பண்ணுவே?"

"கொங்காடை ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துட்டுப் போகட்டும்" என்றார் அப்பா.

என் அக்காவின் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்தக் காலத்தில் கஞ்சிக்கோட்டில் வேலை என்றால் உலகத்துச் சாமான் எல்லாம் அவருக்குத் தெரியும் என்று அர்த்தம். "ஏனுங்க மாமா, கவருமெண்டு உத்தியோகத்துக்குச் சாக்கப் போட்டுட்டுப் போறதுங்களா? எங்க வாச்மேன் போடற மாதிரி ரப்பர் கோட்டு ஒண்ணு நான் கொண்டாறனுங்க" என்றார்.

கொண்டுவந்தார். கன்னங்கரேல் என்று கணுக்கால் வரை தொங்கியது. தலைக்கு முக்காடு, நெஞ்சில் வரிசையாகப் பட்டன், ஏறக்குறைய ஒரு கன்றுக்குட்டியின் கனம். அதன் வாடைக்கு எங்கள் நாய் எழுந்து வெளியே போய்விட்டது. மச்சானுக்கு அதைச் சோதித்துக் காட்டாமல் தீராது. தோட்டத்துப் பம்புசெட்டைப் போடச் சொல்லி, கோட்டை மாட்டி, தண்ணீர் விழுகிற தொட்டியில் என்னை உட்காரவைத்தார். குடும்பமே கரையில் நின்று பார்த்தது. தண்ணீர் முதுகில் அறைந்து, கழுத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது. உள்ளே போனது வெளியே வரவில்லை. நான் எழுந்தபோது கோட்டுக்குள் தண்ணீர் குளுகுளுவென்று ஆடியது. அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியா மாப்ள, ஒரு சொட்டு ஒழுகுதா?" என்றார் மச்சான். அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளே இருந்த தண்ணீர்கூட ஒழுகவில்லை.

அந்தக் கோட்டோடு மலை ஏறினேன். வைகாசிக் கடைசியில் அங்கே பிடித்த மழை பற்றி நான் என்ன சொல்வது? எங்கள் ஊரில் மேகத்தைப் பார்த்துக் கும்பிடுவோம். அங்கே போன பத்தாம் நாள் மேகத்தைப் பார்த்தாலே என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இலை பறிக்கிற பெண்கள் கம்பளியை மடித்துக் கவிழ்த்து, மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசியபடி மலைச்சரிவில் நின்றார்கள். எங்கள் கொங்காடைக்கு அங்கே கொங்காணி என்று பேர். பேரைக் கேட்டதும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் கோட்டைப் பட்டன் பட்டனாக மாட்டிக்கொண்டு, உத்தியோகஸ்தன் என்ற மிடுக்கோடு முதல் மாட்டைப் பார்க்கப் போனேன்.

எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு பெண் அந்த மாட்டை வைத்திருந்தாள். அவள் இலை பறிப்பவள், கணவன் தேயிலைத் தொழிற்சாலையில். மலைக்கு அந்தப் பக்கம், போடிக்கு மேலே குரங்கணியில் அவள் பிறந்த வீடு. கல்யாணமாகி வந்தபோது சீராக ஒரு கிடாரிக் கன்று கொடுத்தார்களாம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு குரங்கணியிலிருந்து மலைப்பாதையில் ஏறியே வந்திருக்கிறாள் மணப்பெண். செவலை மாடு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பேரும் சுட்டி. வளர்ந்து பெரிதாகியும் சினை பிடிக்கவில்லை. பருவத்துக்கு வந்து கத்தினால் ஒரு நாள்தான் கணக்கு. அதற்குள் ஊசி போடாவிட்டால் மறுபடி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

அவள் கணவன் கெட்டவன் இல்லை. ஆனால் அலுத்துப்போயிருந்தான். "பாலு தராத மாட்டுக்கு நானும் எம்புட்டு நாளைக்குங்கய்யா புல்லறுக்குறது? தீபாவளிக்குள்ள சினை பிடிக்கலேன்னா யாவாரி வருவாரு, புடிச்சுக் குடுத்துருவேன்" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். "எங்க அப்பா வீட்டுச் சீருய்யா. வேற ஒண்ணும் கொண்டாரல நானு" என்றாள்.

வியாபாரி பிடித்த மாட்டுக்கு ஒரே பாதைதான். அவளைவிட எனக்கு அந்தப் பாதை நன்றாகத் தெரியும். மலையில் பிடித்த மாட்டை மறையூர் வழியாக உடுமலைக்கு இறக்குவார்கள். அங்கிருந்து பொள்ளாச்சிச் சந்தை. சந்தையில் கைமாறி, கூட்டம் கூட்டமாக நடந்து, எங்கள் கோவிந்தாபுரம் வழியாக மறுபடி கேரளாவுக்கே அறுப்புக்குப் போகும். சின்னப் பிள்ளையிலிருந்து எங்கள் வீட்டு முன்னால் அந்தக் கூட்டம் போவதைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்த மாடு ஒன்றையும் பார்த்ததில்லை.

ஆக, அந்தச் சுட்டிக்கு ஊசி போடுவது எனக்கு வெறும் உத்தியோகமாக இல்லாமல் போயிற்று. ஆனி மாதத்தில் ஒரு காலை கணவன் ஓடிவந்து, மாடு கத்துகிறது என்றான். நான் கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினேன். லயத்தின் மூலையில் திரும்பினேனோ இல்லையோ, மாடு என்னைப் பார்த்தது. கறுப்பாக, பளபளவென்று, முக்காடு போட்டு, வாடை வேறு வீசிக்கொண்டு நான் வருகிறேன். அந்தப் பக்கத்து மாடுகள் காட்டெருமைக்குப் பயந்து வளர்ந்தவை. முளைக்கம்போடு பிடுங்கிக்கொண்டு ஓடியது பாருங்கள், தேயிலைச் செடி என்றும் பார்க்கவில்லை, ஓடை என்றும் பார்க்கவில்லை. பக்கத்துத் தொழுவத்து மாடுகளும் பின்னாலேயே கிளம்பின. சாயங்காலம் வரை லயமே மாடு தேடியது. மறுநாள் பிடித்துக் கட்டும்போது பருவம் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்குக் கரடி சார் என்று பேர் வந்தது. நான் போகிற வழியில் பெண்கள் "ஏ, கன்னுகாலியப் பிடிங்கடி, கரடி வருது" என்று கத்துவார்கள். மூக்குக்கு மேல் கோபம் வரும் எனக்கு. கோட்டுக்குள் இருந்து திட்டினால் அது உறுமல் மாதிரித்தான் கேட்கும், அதற்கும் சிரிப்பார்கள்.

சரி, கோட்டு வேண்டாம். அவர்களைப் போலவே பிளாஸ்டிக் தாள் கட்டிப் பார்த்தேன். இலை பறிக்கிறவர்களுக்கு அது போதும், அவர்கள் செடியோடுதான் வேலை செய்கிறார்கள். மாட்டுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு ஆகாது. காற்றில் படபடவென்று அடித்த சத்தத்தில் வேறொரு வீட்டு மாடு விட்ட உதை என் தொடையில் நிறம் மாறி நிறம் மாறி இரண்டு வாரம் இருந்தது. குடை பிடித்துப் பார்த்தேன். சினை ஊசி போட ஒரு கை தோள்பட்டை வரை மாட்டுக்குள் இருக்க வேண்டும், இன்னொரு கையில் ஊசிக்குழல். குடையை எதில் பிடிப்பது, பல்லிலா? சுட்டி ஆடி மாதம் கத்தியபோது கணவனைக் குடை பிடிக்கச் சொன்னேன். காற்றுக்குக் குடை மேல்நோக்கி மலர்ந்தது. மாடு மிரண்டு அவன் காலை மிதித்தது. அந்தத் தடவையும் போயிற்று.

"ரெண்டு முறை போச்சுல்லய்யா?" என்றாள் அவள். குறையாகச் சொல்லவில்லை, கேட்டாள். அவ்வளவுதான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு வேண்டியது என்ன? கறுப்பாக இருக்கக் கூடாது. சத்தம் வரக் கூடாது. பட்டன் இருக்கக் கூடாது, மாட்டின் வால் சிக்குகிறது. தொளதொளவென்று, இடுப்புக்குக் கீழே இறங்காமல், தோள் வரை சுருட்டி ஏற்றுகிற அரைக்கையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மழைக்கோட்டை எந்தக் கடையிலும் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீப் பிடித்து மூணாறு போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு விரிக்கிற வெள்ளை மெழுகுத்துணி ஒரு கடையில் கிடைத்தது. உட்பக்கம் பருத்தி, மேலே வழவழப்பு, கசக்கினால் சத்தமில்லை. அதை எடுத்துக்கொண்டு கடைவீதிக் கோடியில் இருந்த வயதான மலையாளித் தையல்காரரிடம் போனேன். எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு. பாலக்காட்டு ஜில்லாக்காரன் அல்லவா?

"மழைக்கு ஒரு சட்டை தைக்கணும்" என்றேன். பட்டன் வேண்டாம், அரைக்கை, தொளதொளவென்று, இடுப்பு வரை என்று எல்லாம் சொன்னேன். அவர் துணியைத் தடவிப் பார்த்தார்.

"சட்டயா? ஆர்க்கா, ப்ராயமுள்ள ஆளா?"

யாருக்கு, வயதானவருக்கா என்று கேட்கிறார். எதிரில் நிற்கிறவனைப் பார்த்தால் தெரியவில்லையா? "இல்லைங்க, சின்ன வயசுதான்" என்றேன் வெடுக்கென்று.

கிழவர் முகம் மலர்ந்தது. "நல்ல காரியம். இப்போழத்தெ பிள்ளேரு சட்ட இடில்ல" என்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சட்டை போடுவதில்லையாம். கடைவீதியில் பனியன் மாதிரி ஏதோ மாட்டிக்கொண்டு திரிந்த பையன்களைப் பார்த்தேன். நியாயமான வருத்தம்தான் என்று தலையாட்டினேன்.

"வண்ணமோ?"

"வெள்ளை" என்றேன். துணியைக் கையில் வைத்துக்கொண்டே நிறத்தைக் கேட்கிறாரே, கண் சரியில்லை போலிருக்கிறது.

அவர் சிரித்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, "வண்ணம், வண்ணம்" என்றார். பருமனுக்கு மலையாளத்தில் வண்ணம் என்று பேர். அசடு வழிந்தது எனக்கு. "என் அளவே வச்சுக்குங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் ஒரு தினுசாகப் பார்த்து, எதையோ நினைத்துப் பெருமூச்சு விட்டு, அளவெடுத்தார்.

தைத்ததை ஒரு காகிதப் பொட்டலமாகக் கட்டி ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். டிரைவர் அதை என் கையில் கொடுத்த நேரமும், அந்தக் கணவன் மேட்டில் இருந்து "கத்துதுங்கய்யா" என்று குரல் கொடுத்த நேரமும் ஒன்றாக அமைந்தது. மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளைச் சட்டை, முன்னால் கூராக இறங்குகிற கழுத்து. கழுத்தைச் சுற்றியும் கை ஓரத்திலும் சிவப்பு நூலில் அழகுத் தையல் போட்டிருந்தார் புண்ணியவான்.

டிரைவர் வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "யாருக்குங்க சார் இது? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற கிறிஸ்தவ அம்மச்சிங்க போடுவாங்களே, அந்தச் சட்டை."

அப்போதுதான் உறைத்தது. மூணாறு கடைவீதியில் அந்த அம்மச்சிமார்களை, மலையாளக் கிறிஸ்தவப் பாட்டிகளை, எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வெள்ளை முண்டு, மேலே வெள்ளையாகத் தொளதொளவென்று ஒரு மேலுடுப்பு. எங்கள் பக்கத்தில் அந்த உடுப்பே கிடையாது, அதன் பேர் சட்டை என்று நான் எங்கே கண்டேன்? பட்டன் இல்லாமல், அரைக்கையாக, இடுப்பு வரை, தொளதொளவென்று. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்தக் கிழவர் கண்முன் ஒரு அம்மச்சி உருவாகியிருக்கிறாள். சின்ன வயது என்று வேறு சொல்லி வைத்தேன். என் வண்ணத்தில் ஒரு இளம்பெண்ணை நினைத்துத்தான் அந்தப் பெருமூச்சு.

திட்டுவதற்கு நேரமில்லை. மாட்டிக்கொண்டு ஓடினேன். அன்றைக்கென்று இலை எடை போடுகிற இடத்தில் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். முதலில் ஒருத்தி பார்த்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு மலைச்சரிவு முழுக்கப் போனதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. "கரடி அம்மச்சியாயிருச்சுடி" என்று ஒரு குரல் மட்டும் பின்னாலேயே வந்தது.

சுட்டி என்னைப் பார்த்தது. நான் நின்றேன். அதுவும் நின்றது. கிட்டே போனேன். மூக்கை நீட்டிச் சட்டை ஓரத்தை முகர்ந்து, சிவப்புத் தையலை ஒரு நக்கு நக்கியது. அது வெள்ளைக்கு அடங்கியதா, சத்தமில்லாததற்கு அடங்கியதா என்று மாட்டைக் கேட்டால்தான் தெரியும். அந்தப் பெண் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ பேசிக்கொண்டிருக்க, நான் கையைத் தோள் வரை சுருட்டி ஏற்றி, வேலையை முடித்தேன். ஒரு உதை இல்லை, ஒரு துள்ளல் இல்லை. வெளியே வந்து கை கழுவும்போது அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "சிரிச்சுக்குங்க, பரவால்ல" என்றேன். அடுத்த ஞாயிறு தையல்காரரிடம் சண்டை போடத்தான் போனேன். "அம்மச்சிக்கு இஷ்டப்பட்டோ?" என்று அத்தனை ஆசையாகக் கேட்டார். பிடித்துவிட்டது என்று சொல்லி, இன்னொன்று தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாடு சினை பிடித்ததா இல்லையா என்பது உடனே தெரிகிற காரியமில்லை. அதற்கப்புறம் கத்தவில்லை என்றாள் அவள். விடிந்தால் தேயிலைக் காட்டுக்குப் போகிறவள், கத்தினாலும் அவளுக்கு எப்படித் தெரியும் என்றான் கணவன். கைவிட்டுப் பார்த்து நிச்சயமாகச் சொல்வதற்குள் எனக்குத் தீபாவளி லீவு வந்தது. "நான் திரும்பி வர்ற வரைக்கும் வியாபாரிக்குக் கொடுக்காதீங்க" என்று அவனிடம் சொன்னேன். "பாப்போங்கய்யா" என்றான். அந்தப் பாப்போம் வழியெல்லாம் என்னோடு வந்தது.

வீட்டில் என் டிரங்குப் பெட்டியைத் திறந்த அம்மா சட்டையை விரித்துப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "எந்த ஊட்டுப் புள்ள சாமி?" என்றாள். மலையில் யாரோ ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டேன் என்றே முடிவு கட்டியிருந்தாள். நான் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினாள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் கோட்டுக்கு என்ன கொறைச்சல்?" என்று லீவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு மறுநாள் சந்தை மாடுகள் எங்கள் வீட்டு முன்னால் போயின. நான் ரோட்டோரத்தில் போய் நின்றேன். மலையில் இருந்து அதற்குள் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்தேன். செவலை வந்தால் ரோட்டில் ஒரு அடி இறங்கி நின்றேன். ஒன்றின் நெற்றியில் வெள்ளை இருந்தது, பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன், கொம்பு வேறு மாதிரி. "யாரைத் தேடறே?" என்று அம்மா வாசலில் இருந்து கேட்டாள். லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே கிளம்பிவிட்டேன்.

ஜீப்பை விட்டு இறங்கியபோது மழை. மையத்துக்குப் போகாமல் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே லயத்துக்கு நடந்தேன். தொழுவம் காலி. முளைக்கம்பில் அறுந்த கயிற்றுத் துண்டு ஒன்று தொங்கியது. அந்தக் கணவன்மேல் வந்த கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, அவனைத் தேடித் திரும்பினேன்.

திரும்பினால், லயத்தின் பின்பக்கமிருந்து அவன்தான் வருகிறான். கையில் புதுக் கயிறு, கயிற்றின் முனையில் சுட்டி. மாட்டின் முதுகில் அவனுடைய கம்பளி.

"யாவாரி வந்து போயிட்டாருங்கய்யா. நீங்க வரட்டும்னு இவ ரெண்டு நாளாச் சோறு திங்கல. அதான் குடுக்கல" என்றான், எங்கோ பார்த்துக்கொண்டு.

அவள் உள்ளேயிருந்து ஓடிவந்து மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் கையைச் சுருட்டி ஏற்றினேன். மாட்டுக்குள் கை போனதும் கண்ணை மூடிக்கொள்வது என் பழக்கம். விரல் தேடிப் போயிற்று. அங்கே இருந்தது. கையில் பட்டது ஒரு சின்ன வீக்கம்தான், ஆனால் சந்தேகமே இல்லை. கண்ணைத் திறந்தால் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்னய்யா?" என்றாள் அவள்.

நான் கையை வெளியே எடுத்தேன். "அடுத்த வருசம் வியாபாரிய வேற லயத்துக்குப் போகச் சொல்லுங்க" என்றேன்.

அவளுக்கு அது புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் கம்பளியை இழுத்து மாட்டின் முதுகில் சரிசெய்தான், சரியாக இருந்ததையே திரும்பத் திரும்பச் சரிசெய்தான். நான் கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தேன். உள்ளே பனியனெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. வந்த வழியெல்லாம் அந்தக் கூர்க்கழுத்து வழியாக மழை இறங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.